ஒரு கிராம் மண்ணுக்கு 44: தக்காளியில் உயிர் உரம் வேலை செய்யும் இடம்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 2004-05 முதல் 2006-07 வரை துல்லியப் பண்ணையத் திட்டம் நடந்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய திட்டம். பரப்பு 400 ஹெக்டேர், ஒதுக்கீடு 7.2 கோடி ரூபாய். உளிக்கலப்பை ஓட்டி அடிமண் இறுக்கத்தை உடைத்தார்கள். சொட்டுநீர்க் குழாய் இழுத்து, நீரில் கரையும் உரத்தை அதன் வழியே கொடுத்தார்கள். வீரிய ஒட்டு விதையை நிழல்வலைக்குள் குழித்தட்டில் வளர்த்து, வேர்க்கட்டி உடையாமல் எடுத்து நட்டார்கள். அந்தப் பகுதியில் தக்காளி போடுகிறவர்களுக்கு இவையெல்லாம் இன்று பழகிப்போன காரியங்கள்.

இத்தனைக்கும் நடுவில் பெரிதாக யாரும் பேசாத ஒரு வரி உண்டு. பல்கலைக்கழகத்தின் குழித்தட்டு நாற்றுப் பரிந்துரையில் வரும் கலவைக் குறிப்பு அது: 300 கிலோ தென்னை நார்க்கழிவுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, 1 கிலோ அசோஸ்பைரில்லம், 1 கிலோ பாஸ்போபாக்டீரியா. கடைசி இரண்டும் வேரடியில் வாழ்ந்து செடிக்கு உதவும் பாக்டீரியாத் தூள்கள், அதாவது உயிர் உரம். விளைச்சல் கூடியதற்கு இந்த 2 கிலோ எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாது. உழவு, நீர், உரம், ரகம், நாற்று எல்லாம் ஒரே நேரத்தில் மாறிய இடத்தில் ஒன்றை மட்டும் தனியே நிறுத்தி எடை போட வழியில்லை. 'உயிர் உரத்தால் விளைச்சல் இரண்டு மடங்கு' என்று யாராவது விற்க வந்தால், கூடவே சொட்டுநீரும் போட்டார்களா என்று கேட்பது நல்லது.

ஆனால் அந்த வரியில் வேறொரு விஷயம் இருக்கிறது. பாக்டீரியாவை வயலில் தூவாமல் நாற்றுக் கலவைக்குள் ஏன் வைத்தார்கள் என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் உயிர் உரம் சிலருக்குப் பலிப்பதும் சிலருக்குப் பலிக்காமல் போவதும் ஏன் என்று ஓரளவு புரிந்துவிடும்.

எண்ணிக்கை

மத்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி தூள் வடிவ உயிர் உரத்தில் கிராமுக்கு 5 கோடி உயிருள்ள செல்களாவது இருக்க வேண்டும். வயலுக்கான வழக்கமான பரிந்துரை ஹெக்டேருக்கு 2 கிலோ, அதாவது ஏக்கருக்கு 800 கிராம், 200 கிராம் பொட்டலத்தில் நான்கு. மொத்தம் 4,000 கோடி செல்கள். கேட்கப் பெரிதாக இருக்கிறது.

ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. கிராமாக்கினால் 90 கோடி. 4,000 கோடியை அதில் வகுத்தால், கிராம் மண்ணுக்கு வருவது 44 செல்.

அந்த ஒரு கிராம் மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்களோ கோடிக்கணக்கில். அவை அந்த மண்ணின் வெயிலுக்கும் வறட்சிக்கும் பழகியவை. அவற்றை மேய ஒற்றைச் செல் உயிரிகளும் காத்திருக்கும். கடையில் வாங்கி வந்த 44 அந்தக் கூட்டத்தில் என்ன செய்துவிடும்? வயல் முழுக்க விசிறி இறைக்கிற உயிர் உரம் பெரும்பாலும் இப்படித்தான் தொலைகிறது. பரிந்துரை எழுதியவர்கள் விசிறச் சொல்லவும் இல்லை. 20 கிலோ தொழுவுரத்தில் கலந்து நடவின்போது இடச் சொன்னார்கள். 'நடவின்போது' என்ற சொல்தான் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

இப்போது நாற்றுக் கலவை. 300 கிலோவுக்கு 1 கிலோ என்றால் கிராமுக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல். 98 குழித் தட்டு ஒன்றுக்குச் சுமார் 1.2 கிலோ நார்க்கழிவு பிடிக்கும். ஒரு குழிக்கு 12 கிராம். முளைவேர் இறங்கும்போதே அதைச் சுற்றி 20 லட்சம் செல்கள். கூடவே இன்னொரு வசதி: தொற்று நீக்கிய நார்க்கழிவில் போட்டிக்கு ஆள் குறைவு. அதே பாக்டீரியா வயல் மண்ணில் 44 பேராகப் போய் நிற்பதற்கும் காலியான வீட்டில் முதல் குடியாக நுழைவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையின் முக்கால் பங்கு.

அமெரிக்காவில் ஜோசப் குளோப்பரும் மில்டன் ஷ்ராத்தும் 1978இல் முள்ளங்கி வேரில் வாழ்ந்து செடியை வளர்க்கும் பாக்டீரியாக்களுக்கு ஒரு தனிப் பெயர் வைத்தார்கள்: தாவர வளர்ச்சியைத் தூண்டும் வேர்மண்டல பாக்டீரியா. அந்தப் பெயருக்குத் தகுதி பெற முதல் நிபந்தனை, வேரில் குடியேற வேண்டும் என்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

வேரில் உட்கார்ந்து என்ன செய்கிறது

பொட்டலத்தில் அசோஸ்பைரில்லம் என்றால் 'காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தும்' என்று போட்டிருக்கும். பொய்யில்லை. பிரேசிலில் ஜோஹன்னா டோபரைனர் 1970களில் புல் வகைகளின் வேரில் இதை ஆராய்ந்து உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்ததே அந்தக் குணத்துக்காகத்தான். ஆய்வுக்கூடத்தில் இதைப் பிடிக்கும் விதம் அழகானது. நைட்ரஜன் சேர்க்காத, பாதி உறைந்த கூழ் ஒரு குப்பியில். அதில் மாலிக் அமிலத்தின் உப்பும் நிறங்காட்டியும் உண்டு. கழுவிய வேர்த்துண்டு ஒன்றைப் போட்டு இரண்டு மூன்று நாள் அசைக்காமல் வைத்தால், பச்சையாக இருந்த கூழ் நீலமாகும். மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே, பாலேடு போல ஒரு வெள்ளைப் படலம் குறுக்கே நிற்கும். படலம் உச்சியில் இல்லாததைக் கவனிக்க வேண்டும். நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும். அதனால் தனக்கு வேண்டிய அளவு மட்டும் காற்று கிடைக்கும் ஆழத்தைத் தேடி அங்கேயே நிற்கிறது.

அதே நொதியை இன்னொன்றும் நிறுத்திவிடும்: அம்மோனியம். சுற்றிலும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், தாராளமாகக் கிடைத்தால் பாக்டீரியா தன் சக்தியைச் செலவு செய்து காற்றிலிருந்து எடுக்காது. சொட்டுநீரில் வாரந்தோறும் தழைச்சத்து போகும் தக்காளி வயலில் அசோஸ்பைரில்லம் நைட்ரஜன் பிடித்துக் கொடுக்கும் என்று எதிர்பார்ப்பது, மூன்று வேளையும் விருந்து போட்டுவிட்டு விருந்தாளியைச் சமைக்கச் சொல்வது மாதிரி.

பின் காய்கறியில் இதனால் என்ன பயன்? வேர். இந்த பாக்டீரியா இண்டோல் அசிட்டிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சுரக்கிறது. பக்கவேர் அதிகம் பிரியும், வேர்த்தூவி அடர்ந்து நீளும். வேரின் பரப்பு கூடினால் கொடுத்த நீரும் உரமும் வீணாகாமல் உள்ளே போகும். 25 நாள் நாற்றின் கட்டியைத் தண்ணீரில் அலசிப் பார்த்தால் நன்றாகக் குடியேறிய நாற்றில் தடித்த ஒற்றை வேருக்குப் பதில் மயிர் மயிராக வெள்ளை வேர் கட்டியைப் பின்னியிருக்கும். பிடுங்கி நட்டபின் வாட்டம் குறைவாக இருப்பதும் இதனால்தான்.

பாஸ்போபாக்டீரியா, பெரும்பாலும் பேசில்லஸ் மெகாடீரியம், கரிம அமிலங்களைச் சுரந்து மண்ணில் பிடிபட்டிருக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸை) விடுவிக்கிறது. இங்கே மண்ணைப் பார்க்க வேண்டும். செம்மண்ணில் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்துவைக்கும். கரிம அமிலம் அவற்றைக் கவ்விக்கொண்டு மணிச்சத்தைக் கழற்றிவிடும். சுக்கான் மண்ணில் கதை வேறு. சுரக்கும் சொற்ப அமிலத்தைச் சுண்ணாம்பு உடனே முறித்துவிடும். வயல் மண் ஒரு கைப்பிடி எடுத்து, கழிவறை கழுவும் அமிலம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். புஸ்ஸென்று நுரைத்தால் அந்த வயலில் பாஸ்போபாக்டீரியாவை நம்பி மணிச்சத்தைக் குறைக்கக் கூடாது. தட்டுக் கலவையில் போடுவதில் தவறில்லை. நார்க்கழிவில் சுண்ணாம்பு கிடையாது.

மூன்றாவது ஆள் சூடோமோனாஸ் புளோரசன்ஸ். கோயம்புத்தூரில் உருவான பிஎஃப்1 என்ற இனம் டால்க் தூளில் கிடைக்கிறது. இது உரமல்ல, நோய்க் காவல். வேரைச் சுற்றியுள்ள இரும்புச்சத்தைத் தன் பக்கம் இழுத்து நோய்ப் பூஞ்சாணத்தைப் பட்டினி போடும், எதிர்ப்பொருள் சுரக்கும், செடியின் சொந்த எதிர்ப்பையும் எழுப்பிவிடும். தெரிந்துகொள்ள வேண்டியது, எதிர்ப்பொருள் சுரக்கும் உயிரி என்பதால் மற்ற நல்ல பாக்டீரியாக்களோடு ஒரே வாளியில் நெடுநேரம் ஊறப் போடக் கூடாது. தனி முறையாகக் கொடுப்பதே சரி.

ஒரு ஏக்கருக்கான நாற்று: செய்முறை

இணைவரிசையில் 90-க்கு 60, செடிக்குச் செடி 60 சென்டிமீட்டர் என்று நட்டால் ஹெக்டேருக்கு 23,334 நாற்று என்பது பரிந்துரைக் கணக்கு. ஏக்கருக்குச் சுமார் 9,400, தட்டு 96, போக்குவரத்தில் போவதற்கு நாலைந்து சேர்த்து 100. நார்க்கழிவு 120 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 2 கிலோ, அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் தலா 400 கிராம், அதாவது இரண்டிரண்டு பொட்டலம்.

முதல் சிக்கல் நார்க்கழிவிலேயே தொடங்குகிறது. கழுவாத நார்க்கழிவில் உப்பு அதிகம். அந்த உப்பில் நாற்று நுனி கருகும், பாக்டீரியாவும் சுருங்கும். மக்காத நார்க்கழிவில் கரிமம் நைட்ரஜனைப் போல நூறு மடங்குக்கு மேல் இருக்கும். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் நாற்றுக்கான தழைச்சத்தைத் தின்றுவிடும். இலை வெளுத்து நிற்கும் நாற்றுக்கு உயிர் உரம் போதவில்லை என்று இன்னும் இரண்டு பொட்டலம் போடுவார்கள். கோளாறு அங்கே இல்லை. மக்கிய, கழுவிய, உப்பு குறைந்த நார்க்கழிவு வாங்க வேண்டும். கட்டியாக வந்தால் நல்ல தண்ணீரில் ஊறவைத்து வடித்து, மறுபடியும் ஊறவைத்து வடிக்க வேண்டும்.

ஈரம் சரியாக இருக்கிறதா என்பதற்குக் கைதான் கருவி. ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. விரித்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும். அந்த ஈரத்தில் நிழலில் பரப்பி, பிண்ணாக்குத் தூளையும் பாக்டீரியாத் தூளையும் முதலில் 5 கிலோ நார்க்கழிவில் நன்றாகக் கலந்து, பிறகு அதை மொத்தக் குவியலில் சேர்த்துப் புரட்ட வேண்டும். 800 கிராம் தூளை நேரடியாக 120 கிலோவில் கொட்டினால் சில தட்டுக்கு வாரிக்கொடுக்கும், சில தட்டுக்கு ஒன்றும் போகாது.

குழிக்கு ஒரு விதை, அரை சென்டிமீட்டர் ஆழம். தட்டுகளை அடுக்கி, பாலித்தீன் தாள் போட்டு மூடி நிழலில் வைக்க வேண்டும். ஐந்தாறு நாளில் முளை தெரிந்ததும் பிரித்து நிழல்வலைக்குள் பரப்புவது. மூடியிருக்கும் இந்த நாட்கள் பாக்டீரியாவுக்குப் பொற்காலம்: ஈரம் காயாது, வெயில் படாது. ஆனால் கோடையில் அடுக்கை வெயில் தொடும் இடத்தில் வைத்தால் தாளுக்குள் சூடு ஏறி விதையும் பாக்டீரியாவும் சேர்ந்தே வேகும்.

பத்தாம் நாள் சூடோமோனாஸ் தனியாக, லிட்டருக்கு 10 கிராம் கரைத்து வடிகட்டி, பூவாளியில் ஊற்றலாம். 18ஆம் நாள், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரம் அரை விழுக்காடு கரைசல். இந்த வரிசையை மாற்றி இரண்டையும் ஒரே பூவாளியில் கலந்துவிடும் பழக்கம் நாற்றங்கால்களில் உண்டு. உப்புக் கரைசலில் பாக்டீரியாவைக் கரைப்பது எதற்கு?

விதை நேர்த்தியைப் பற்றிக் கேட்பார்கள். சாதா ரகமாக இருந்து, விதை வீட்டு விதையாக இருந்தால் செய்யலாம்: 400 கிராம் விதைக்கு 40 கிராம் அசோஸ்பைரில்லம், ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்துப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி உடனே விதைப்பது. வீரிய ஒட்டு விதை 10 கிராம் உறையில் சிவப்போ நீலமோ பூசி வரும். அந்தப் பூச்சு பெரும்பாலும் பூஞ்சாணக்கொல்லி. அதன்மேல் பாக்டீரியாவைப் பூசுவது விஷத்தின்மேல் விதைப்பது. அந்த விதைக்குக் கலவை வழியே போதும்.

மற்ற காய்கறிக்கு: மிளகாய், கத்தரிக்கு இதே முறை. பாகல், புடல், சுரை போன்ற கொடிகளை நேரடியாக ஊன்றினால் குழித் தொழுவுரத்தில் கலக்க வேண்டியதுதான். பீன்ஸ், தட்டைப்பயறு போன்றவற்றுக்கு வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா வேண்டும். அதுவும் அந்தந்தப் பயிருக்குரிய இனமாகப் பார்த்து. நிலக்கடலைக்கு வாங்கிய பொட்டலம் பீன்ஸுக்கு ஆகாது.

வயலுக்குப் போகும்போது

நடவுக்கு ஏழெட்டு நாள் முன்பே, நன்றாக மக்கிச் சலித்த தொழுவுரம் 100 கிலோவில் இரண்டு பாக்டீரியாவையும் தலா 800 கிராம் கலந்து, கைப்பிடி ஈரத்தில், நனைத்த கோணி போட்டு நிழலில் வைக்கலாம். நட்ட குழிக்கு 10 கிராம், அதாவது மூன்று விரலில் அள்ளுவதைவிடச் சற்றுக் கூடுதல். 9,400 குழிக்கு 94 கிலோ, கணக்கு ஒத்துவரும். இப்படிக் குழியில் வைத்தால் செடிக்கு 40 லட்சம் செல் வேரடியில் சேரும். அதே 800 கிராமை விசிறினால் கிராம் மண்ணுக்கு 44 என்பதை மறக்க வேண்டாம்.

தொழுவுரக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுக் கலப்பது அவசியம். உள்ளே சூடு தெரிந்தால் அது மக்கவில்லை. வேகும் எருவில் போட்ட பாக்டீரியா ஒரு வாரத்தில் மிஞ்சாது.

தட்டு நாற்றை நடும் முன் நனைப்பதும் உண்டு. 40 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ அசோஸ்பைரில்லம் கரைத்தால் மில்லிலிட்டருக்கு 12 லட்சம் செல். தட்டை அப்படியே 15, 20 நிமிடம் அடிப்பக்கம் மூழ்கும்படி வைத்தால் கட்டி வேண்டிய அளவு குடித்துக்கொள்ளும். தூள் அடியில் தங்கும், அவ்வப்போது கலக்கிவிட வேண்டும். மீதிக் கரைசலை வரப்பில் கொட்டாமல் நட்ட செடியின் தூரில் ஊற்றிவிடலாம். நாற்றங்காலிலேயே கலந்து வளர்த்த நாற்றுக்கு இந்த நனைப்பு கூடுதல் காப்புதான். வெளியில் வாங்கிய நாற்றுக்கு இதுவே முதல் வாய்ப்பு, தவறவிடக் கூடாது.

நட்ட 20, 25 நாளில் திரவ உயிர் உரத்தைச் சொட்டுநீரில் விடுவார்கள். திரவத்தில் மில்லிலிட்டருக்கு 10 கோடி செல் இருக்க வேண்டும் என்பது விதி. தூளைச் சொட்டுநீரில் விடுவது சொட்டுத் துளை அடைப்பை விலை கொடுத்து வாங்குவது. 45 நிமிடம் நீர் பாய்ச்சும் முறை என்றால் முதல் 25 நிமிடம் வெறும் நீர், அடுத்த 10 நிமிடம் வென்சுரி என்ற உரம் உறிஞ்சும் கருவி வழியாக பாக்டீரியா, கடைசி 10 நிமிடம் மறுபடியும் வெறும் நீர். முதலிலேயே விட்டுவிட்டால் மீதி நீர் அதை வேருக்குக் கீழே தள்ளிக்கொண்டு போகும். அந்த முறையில் உரம் கலக்கக் கூடாது. உப்பு படிந்த சொட்டுத் துளைகளைக் கழுவ அமிலமோ குளோரினோ விட்டிருந்தால் நாலைந்து நாள் வெறும் நீர் ஓடியபிறகே பாக்டீரியா. நிலப்போர்வைத் தாள் போட்ட பாத்தியில் தூளை மேலே தூவிவிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். தாளின் மேல் வெயிலில் அது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கெட்டுப்போகும் இடங்கள்

நாற்றங்காலில் அதிகம் நடக்கும் விபத்து ஒன்று. எட்டாம் நாள், பத்தாம் நாள் வாக்கில் ஒரு தட்டின் ஓரத்தில் நாலு நாற்று கழுத்தில் நீர் கோத்துச் சாய்கிறது. நாற்றழுகல். பயந்துபோய் எல்லாத் தட்டுக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சாணக்கொல்லியை ஊற்றுகிறார்கள்; கூடவே ஸ்ட்ரெப்டோசைக்ளினும். அது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. நல்லது கெட்டது பார்க்காது. மறுநாளே நாற்றங்காலில் உயிர் உரத்தின் கதை முடிந்தது; ஆனால் பொட்டலம் போட்டதால் போட்ட கணக்குதான் எழுதப்படும். நாற்றழுகலுக்கு முதல் மருந்து தண்ணீரைக் குறைப்பது. நார்க்கழிவின் மேல்தோல் காயும்வரை அடுத்த நீர் விடாமல், சாய்ந்த தட்டை மட்டும் தனியே ஒதுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். மருந்து ஊற்றியே தீர வேண்டிய நிலை வந்தால், ஒரு வாரம், பத்து நாள் கழித்து பாக்டீரியாவை மறுபடியும் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, வாடல் வந்தபின் சூடோமோனாஸை மருந்தாக ஊற்றுவது. தக்காளி காய்ப்பிடிக்கும் நேரத்தில் பச்சையாகவே ஒரு செடி மத்தியானம் தலை தொங்கி, மறுநாள் எழும்பாது. தண்டின் அடிப்பகுதியை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரில் நுனி மட்டும் தொடும்படி பிடித்தால் சில நிமிடத்தில் வெள்ளை நூல் போல ஒன்று வெட்டிலிருந்து கீழே இறங்கும். இறங்கினால் பாக்டீரியா வாடல். நூல் வராமல், தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு மட்டும் தெரிந்தால் பூஞ்சாண வாடலாக இருக்கலாம். இரண்டிலும் வாடிய செடியை சூடோமோனாஸ் எழுப்பாது. அது நோய்க்கு முன்னால் வேரை அடைத்துக்கொள்ளும் காவல்காரன். வீடு பறிபோனபின் கூப்பிட்டுப் பயனில்லை. ஏக்கருக்கு 1 கிலோ சூடோமோனாஸை 20 கிலோ தொழுவுரத்தில் கலந்து நடவுக்கு முன்பே இட்டிருக்க வேண்டும். வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டல் நச்சுயிரிக்கும் இவற்றில் எதுவும் பதில் சொல்லாது; அதற்குப் பூச்சிவலை.

பொட்டலத்தின் நிலைமையும் ஒரு காரணம். உயிர் உரங்கள் 2006 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வருகின்றன. உறையில் பாக்டீரியாவின் பெயர், செல் எண்ணிக்கை, தயாரித்த நாள், காலாவதி நாள், தொகுதி எண் எல்லாம் இருக்க வேண்டும். தூள் 30 முதல் 40 விழுக்காடு ஈரத்தோடு இருக்க வேண்டும். விரலில் தேய்த்தால் மாவாகப் பறந்தால் உள்ளே பெரும்பாலும் பிணங்கள். புளித்த நாற்றமோ உறை உப்பியிருப்பதோ வேறு உயிர் புகுந்ததற்கு அடையாளம். கடையில் பூச்சிமருந்து அலமாரியில், வெயில் விழும் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருப்பதை வாங்க வேண்டாம். வாங்கியதை சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு டீக்கடையில் அரை மணி நேரம் உட்காருவதும் அதே பலனைத்தான் தரும். வீட்டில் வைக்க மண்பானைப் பக்கம் போன்ற குளிர்ந்த, இருட்டான மூலை போதும். உறைபனி அறையில் வைக்கக் கூடாது.

பலன் உண்டா என்று பார்ப்பது

ஒரு பாதி வயலுக்குப் போட்டு மறுபாதியை விட்டுப் பார்ப்பது வழக்கம். அதில் இரண்டு ஓட்டை. மேட்டுப் பாதிக்கும் பள்ளப் பாதிக்கும் இயல்பாகவே விளைச்சல் மாறும். பாக்டீரியாவைத் தாங்கும் லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) தூள், கஞ்சி, தொழுவுரம் எல்லாம் தாமாகவே கொஞ்சம் வேலை செய்யும். அந்தப் பெருமை பாக்டீரியாவுக்குப் போய்விடும்.

இரண்டையும் அடைக்கலாம். அதே தொகுதிப் பொட்டலத்தில் பாதியைத் தண்ணீரில் கரைத்து, ஒரு பாத்திரத்தில் மூடி, குக்கரில் முக்கால் மணி நேரம் வேகவைத்து ஆறவிட வேண்டும். இது 'செத்த உரம்'. உயிருள்ளதையும் செத்ததையும் ஒரே அளவில், மாற்றி மாற்றிப் பத்துத் தட்டுக்குக் கொடுத்து, தட்டில் குறியிட வேண்டும். 25ஆம் நாள் ஒவ்வொரு தட்டிலும் பத்து நாற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, வேரை அலசி, நிழலில் ஈரம் வடியவிட்டு, நகை எடைத் தராசில் வேரைத் தனியாக, தண்டைத் தனியாக நிறுக்கலாம். தண்டு எடையில் வித்தியாசம் சிறியதாக இருந்தாலும் வேர் எடையில் தெரிய வேண்டும். அங்கேயே தெரியவில்லை என்றால் பொட்டலத்தைச் சந்தேகப்படலாம். வயல்வரை போய்க் காத்திருக்க வேண்டியதில்லை.

வயலில் அதே நாற்றுகளை வரிசை மாற்றி வரிசையாக, குறைந்தது நான்கு ஜோடி நட்டு, ஒவ்வொரு பறிப்பையும் வரிசைவாரியாக எடை போட வேண்டும். தக்காளி பல தடவை பறிக்கும் பயிர். முதல் இரண்டு பறிப்பில் முந்துவது நட்டதும் வேர் பிடித்ததன் பலனாக இருக்கும், கடைசியில் மொத்தம் சமமாகிவிடவும் கூடும். சந்தை விலை ஏறியிருக்கும் நாட்களில் ஒரு வாரம் முந்திய பறிப்பே போட்ட செலவை எடுத்துவிடும், அதையும் கணக்கில் எழுத வேண்டும்.

அசோஸ்பைரில்லம் இட்டால் தழைச்சத்தில் கால் பங்கைக் குறைக்கலாம் என்று பரிந்துரைகளில் வரும். அதை முதல் ஆண்டே ஏக்கர் முழுக்கச் செய்யாமல், இரண்டு ஜோடி வரிசைக்கு மட்டும் வால்வு தனியாக வைத்துக் குறைத்துப் பார்க்கலாம். வரிசையின் எடை குறையாமல் நின்றால் அடுத்த பட்டத்தில் இன்னும் நான்கு வரிசை.